1,037 குழந்தைகள், 50 ஆண்டுகள்... கஞ்சா மூளையை என்ன செய்கிறது?

“கஞ்சா வெறும் மூலிகைதானே... சிகரெட், சரக்கைவிட எவ்வளவோ மேல்!”

“ஒரே ஒரு தடவை இழுத்தாலே போதும், புத்தி பேதலிச்சுடும்!”

முதல் வசனம் இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் வருகிறது. இரண்டாவது, வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வருகிறது. பதினாறு வயதில் இருக்கும் பிள்ளைகள் இரண்டையும் ஒரே நாளில் கேட்கிறார்கள். ‘ஒரு தடவை’ இழுத்த நண்பன் மறுநாள் வழக்கம்போல வகுப்புக்கு வந்து உட்காருவதையும் பார்க்கிறார்கள். உடனே, வீட்டில் சொன்னது பொய் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு ரீல்ஸ் சொல்வதெல்லாம் உண்மையாகத் தெரியத் தொடங்குகிறது.

விஞ்ஞானிகளைக் கேட்டால், இரண்டு வசனங்களையுமே அவர்கள் ஏற்பதில்லை. ‘யார், எந்த வயதில், எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு வீரியம் உள்ளதை எடுத்துக்கொள்கிறார்கள்?’ என்று திருப்பிக் கேட்கிறார்கள். இந்த நான்கு கேள்விகளில் வயதுக்கு அவர்கள் கொடுக்கும் முக்கியத்துவத்துக்குப் பின்னால், அரை நூற்றாண்டு காலக் கதை ஒன்று இருக்கிறது. அது தொடங்கியது, நியூசிலாந்தின் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில்.

3 வயதில் தொடங்கிய பரிசோதனை

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் இருக்கும் கடலோர நகரம், டனீடின். அங்குள்ள குயின் மேரி பிரசவ மருத்துவமனையில் 1972 ஏப்ரல் 1 முதல் 1973 மார்ச் 31 வரை பிறந்த குழந்தைகளில் 1,037 பேர், தங்கள் 3-வது வயதில் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். ஆய்வைத் தொடங்கியவர் பில் சில்வா என்ற உளவியலாளர். பிரசவத்தின்போது ஏற்படும் சிக்கல்கள் குழந்தையின் வளர்ச்சியை பாதிக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அவருடைய நோக்கம். கஞ்சா பற்றி அப்போது யாரும் யோசிக்கவே இல்லை.

ஆனால், ஆய்வு அத்துடன் நிற்கவில்லை. 5, 7, 9, 11, 13, 15 வயதுகளிலும், பிறகு 18, 21, 26, 32, 38, 45 வயதுகளிலும் அதே ஆட்களைத் திரும்பத் திரும்ப அழைத்துப் பரிசோதித்தார்கள். ரத்தம், பல், நுரையீரல், ஞாபகசக்தி என்று உடம்பும் மூளையும் சோதிக்கப்பட்டன. வேலை, கடன், காதல், கல்யாணம், குடி, புகை, போதை என்று வாழ்க்கையும் பதிவானது. சொல்வது எதுவும் வெளியே போகாது என்ற உறுதி இருந்ததால் மனம்விட்டுப் பேசினார்கள். வெளிநாட்டில் குடியேறியவர்களைக்கூட விமானச் செலவு கொடுத்து வரவழைத்தார்கள். 45-வது வயதில் உயிரோடு இருந்த 997 பேரில் 938 பேர் வந்தார்கள். நீண்டகால ஆய்வுகளில் இது அபூர்வம். பத்து வருடம் போனாலே பாதிப் பேரைக் காணவில்லை என்பதுதான் இப்படிப்பட்ட ஆய்வுகளின் வழக்கமான தலைவலி.

கஞ்சா ஆராய்ச்சிக்கு இந்த ஆய்வு ஏன் பொக்கிஷமாக அமைந்தது? ஒரே காரணம்தான். இவர்கள் கஞ்சாவைக் கையால் தொடுவதற்கு முன்பே, சிறு வயதிலேயே இவர்களின் ஐ.க்யூ அளக்கப்பட்டுவிட்டது. ஆக, ‘முன்பு’, ‘பின்பு’ இரண்டும் கையில் இருந்தன.

காணாமல்போன 8 புள்ளிகள்

2012-ல் மேடலின் மையர் என்ற உளவியலாளர் தலைமையிலான குழு, 38 வயது வரையிலான முடிவுகளை வெளியிட்டது. பதின்ம வயதிலேயே கஞ்சாவைத் தொடங்கி, வருடக்கணக்கில் அதற்கு அடிமையாக இருந்தவர்களின் ஐ.க்யூ, சிறு வயதில் இருந்ததைவிட சராசரியாக 8 புள்ளிகள் குறைந்திருந்தது.

8 புள்ளி என்பது சின்ன எண்ணாகத் தோன்றலாம். 100 பேரை ஐ.க்யூ வரிசைப்படி நிற்க வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில், 50-வது இடத்தில் நிற்கும் ஒருவருக்கு 8 புள்ளிகள் குறைந்தால், கீழிருந்து 30-வது இடத்துக்கு அருகே போய்விடுவார்.

இந்த ஆய்வில் கவனிக்கவேண்டிய விஷயங்கள் இன்னும் இரண்டு. வயது வந்த பிறகு கஞ்சாவைத் தொடங்கியவர்களிடம், அவர்கள் தொடர்ந்து பயன்படுத்தியிருந்தாலும், இப்படிப்பட்ட சரிவு தெரியவில்லை. பதின்ம வயதில் தொடங்கியவர்களிலோ, பின்னாளில் விட்டவர்களுக்குக்கூட இழந்தது முழுதாகத் திரும்பவில்லை. இவர்களை நன்றாக அறிந்த உறவினர்கள், நண்பர்களிடமும் தனியாகக் கேட்டார்கள். ‘கவனம் சிதறுகிறது, மறந்துபோகிறார்’ என்று அவர்களும் எழுதியிருந்தார்கள்.

உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது அந்த ஆய்வு. ‘கஞ்சா மூளையைக் கெடுக்கும், நிரூபணமாகிவிட்டது’ என்றே பலரும் எழுதினார்கள். ஆனால், கதை அங்கே முடியவில்லை.

நார்வேயிலிருந்து வந்த கேள்வி

சில மாதங்களிலேயே, 2013 ஜனவரியில், ஓலே ரோகபெர்க் என்ற நார்வே பொருளாதார ஆராய்ச்சியாளர் ஒரு கேள்வியை எழுப்பினார். ‘சரிவுக்குக் காரணம் கஞ்சாதானா, குடும்பச் சூழலா?’

அவர் சொன்னது இதுதான். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஓரளவு மூளைப் பயிற்சி கொடுக்கிறது. பள்ளியை விட்டு வெளியே வந்து, பெரிதாக யோசிக்க வேண்டியிராத வேலையில் சேர்ந்ததும் அந்தப் பயிற்சி நின்றுபோகிறது, ஐ.க்யூ மதிப்பெண் இறங்குகிறது. இதே பிள்ளைகள்தான் சின்ன வயதில் கஞ்சா பக்கம் போகவும் வாய்ப்பு அதிகம். எனவே, இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து தெரிவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

டனீடின் குழு இந்தக் கேள்வியை ஒதுக்கவில்லை. நடுத்தரக் குடும்பங்களில் பிறந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். அப்போதும் சரிவு தெரிந்தது. ஆனாலும், இன்னொரு பலவீனம் மிச்சமிருந்தது. ஆயிரம் பேர் கொண்ட ஆய்வில் நீண்டகாலக் கஞ்சா அடிமைகள் என்று தேறியவர்கள் 40-க்கும் குறைவு. இவ்வளவு பெரிய முடிவைத் தாங்க, அந்த எண்ணிக்கை போதுமா?

இரட்டையர்கள் சொன்ன சாட்சி

இதற்கு விடை தேட ஒரு வழி உண்டு: இரட்டைக் குழந்தைகள். ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா, ஒரே சாப்பாடு, பெரும்பாலும் ஒரே பள்ளி. அதில் ஒருவர் கஞ்சா பயன்படுத்துகிறார், இன்னொருவர் தொடவில்லை. மூளையைக் கெடுப்பது கஞ்சாதான் என்றால், முதலாமவருக்கு மட்டும்தானே சரிவு தெரியவேண்டும்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா, மினசோட்டா மாநிலங்களில் 3,000-க்கும் அதிகமான இரட்டையர்களை வைத்து நடந்த இரண்டு ஆய்வுகளின் முடிவுகள் 2016-ல் வெளியாயின. கஞ்சா பயன்படுத்திய பதின்ம வயதினருக்குச் சொல்வளத் தேர்வில் மதிப்பெண் குறைந்திருந்தது உண்மைதான். ஆனால், கஞ்சாவைத் தொடாத அவர்களின் இரட்டையருக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்திருந்தது!

இரண்டே ஆண்டுகளில் இன்னொரு ட்விஸ்ட். 8 புள்ளிச் சரிவைக் கண்டுபிடித்த அதே மேடலின் மையர், பிரிட்டனில் சுமார் 2,000 இரட்டையர்களை ஆராய்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டார். 18 வயதுக்குள் கஞ்சாவால் ஐ.க்யூ சரிந்ததற்கு அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. கஞ்சா பயன்படுத்தியவர்களின் ஐ.க்யூ, அதைத் தொடங்குவதற்கு முன்பே கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது என்று அவரே எழுதினார். தான் சொன்னதற்கு எதிராகத் தெரியும் முடிவையும் மறைக்காமல் வெளியிட்டது, இந்த விவாதத்தில் அவர்மீது மதிப்பைக் கூட்டுகிறது.

அப்படியானால் டனீடின் சொன்னது தவறா? இல்லை. இரட்டையர் ஆய்வுகள் பார்த்தது, பதின்ம வயதில் சில ஆண்டுகள் மட்டும் நடந்த பழக்கத்தை. டனீடின் பார்த்தது, 20 வருடம் நீண்ட பழக்கத்தை. இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

2022-ல் டனீடின்காரர்களின் 45 வயது முடிவுகள் வந்தன. நீண்டகாலமாகக் கஞ்சா பயன்படுத்தியவர்களின் ஐ.க்யூ, சிறு வயதைவிட சராசரியாக 5.5 புள்ளிகள் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நீண்டகாலம் புகைபிடித்தவர்களையும் குடித்தவர்களையும் கணக்கில் எடுத்தார்கள். புகைபிடித்தவர்களுக்கு 1.5, குடித்தவர்களுக்கு 0.5 புள்ளிகள்தான் குறைந்திருந்தன. புதிய விஷயங்களைக் கற்கும் திறனிலும், மூளை தகவலைக் கையாளும் வேகத்திலும் கஞ்சா பழக்கம் உள்ளவர்கள் பின்தங்கினார்கள். ஞாபகசக்திக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி எம்.ஆர்.ஐ ஸ்கேனில் சற்றுச் சிறியதாகத் தெரிந்தது. ஆனால், அது சிறியதாக இருப்பதுதான் ஐ.க்யூ குறைவதற்குக் காரணம் என்று இந்த ஆய்வால் காட்ட முடியவில்லை. அதையும் வெளிப்படையாகவே எழுதினார்கள்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கிடைப்பது இது: எப்போதோ ஓரிரு முறை பயன்படுத்தியதால் அறிவு மங்கிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இளமையில் தொடங்கி, வருடக்கணக்கில், அடிக்கடி பயன்படுத்துவது ஆபத்து என்பதற்கு ஆதாரம் வலுவாகிக்கொண்டே வருகிறது.

மூளைக்குள் ஓர் ‘ஆனந்தம்’

வயதுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? அதைப் புரிந்துகொள்ள, இஸ்ரேலில் ஓடிய ஒரு பஸ்ஸில் ஏறவேண்டும்.

1960-களின் தொடக்கம். ரஃபேல் மெக்கூலம் என்ற இளம் வேதியியலாளர், கஞ்சாவில் இருக்கும் எந்தப் பொருள் போதை தருகிறது என்று கண்டுபிடிக்க ஆசைப்பட்டார். ஆராய்ச்சிக்கு சரக்கு வேண்டுமே! போலீஸிடமே போய்க் கேட்டார். கடத்தலில் பிடிபட்ட 5 கிலோ லெபனான் ஹஷிஷை எடுத்துக் கொடுத்தார்கள். அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஆய்வகத்துக்குத் திரும்பினார். ‘என்ன இது, ஒரு மாதிரி வாசனை வருகிறதே?’ என்று சக பயணிகள் பேசிக்கொண்டதைப் பிற்காலத்தில் அவரே சிரித்தபடி சொல்லியிருக்கிறார்.

1964-ல் மெக்கூலமும், அவருடைய சகா யெகியெல் கவோனியும் அந்தப் பொருளைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அதுதான் இன்று எல்லோரும் சொல்லும் டி.ஹெச்.சி. அதை நண்பர்கள் பத்துப் பேரிடம் சோதித்தும் பார்த்தார்கள். மெக்கூலத்தின் மனைவி கேக் செய்தார். ஐந்து பேரின் துண்டில் மட்டும் டி.ஹெச்.சி கலக்கப்பட்டது. ஒருவர் காரணமில்லாமல் சிரித்தார். ஒருவர் நிறுத்தாமல் பேசினார். இன்னொருவரைப் பதற்றம் பிடித்துக்கொண்டது. அளவு ஒன்றுதான், விளைவு ஆளுக்கு ஆள் வேறு. ‘அவனுக்கு ஒண்ணும் ஆகலையே’ என்பதை வைத்து ‘எனக்கும் ஒண்ணும் ஆகாது’ என்று முடிவெடுக்க முடியாது என்பதற்கு, அந்த கேக் துண்டுகளே முதல் சாட்சி.

டி.ஹெச்.சி மூளையில் போய் உட்காரும் இடத்தை 1988-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். மூளைச் செல்களின் மேல் இருக்கும் அந்த ‘ஏற்பி’, பூட்டு மாதிரி. டி.ஹெச்.சி அதில் பொருந்தும் சாவி. ஆனால், ஏதோ ஒரு செடியின் சாவிக்காக மனித மூளை ஏன் பூட்டு வைத்திருக்க வேண்டும்? அப்படியென்றால், உடம்பே அதற்கொரு சாவி தயாரிக்கத்தானே வேண்டும்?

1992-ல் மெக்கூலத்தின் ஆய்வகம் அந்த அசல் சாவியையும் கண்டுபிடித்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர், ‘ஆனந்தமைடு’. ஆமாம், நம் ‘ஆனந்தம்’தான். சம்ஸ்கிருதச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது.

ஞாபகம், பசி, வலி, பயம், உடல் அசைவு என்று பலவற்றைச் சீராக வைத்திருக்க மூளை இந்தப் பொருளைத் தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில், துளித்துளியாகச் சுரக்கிறது. வேலை முடிந்ததும் உடனே அதை உடைத்தும் விடுகிறது. கஞ்சாவிலிருந்து வரும் டி.ஹெச்.சி அப்படி இல்லை. அது மூளை முழுக்க வெள்ளமாகப் பரவுகிறது, நீண்ட நேரம் தங்குகிறது. ஹிப்போகேம்பஸில் அந்தப் பூட்டுகள் நிறைய இருப்பதால், சற்றுமுன் நடந்தது மறந்துபோகிறது. உடல் அசைவை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையிலும் அவை நிறைய இருப்பதால் தடுமாற்றம் வருகிறது. கஞ்சா போதையில் வண்டி ஓட்டினால் விபத்து ஆபத்து கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும் என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2012-ல் வெளியான ஆய்வறிக்கை சொன்னது.

மூச்சை இயக்கும் மூளைத்தண்டில் இந்தப் பூட்டுகள் மிகக் குறைவு. அதனால்தான் ஹெராயின்போல, அளவு மீறினால் மூச்சு நின்று சாகும் ஆபத்து கஞ்சாவில் இல்லை. ‘கஞ்சாவால் யாரும் சாகவில்லை’ என்று ரீல்ஸ் சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆனால், சாகடிக்காது என்பதும் கெடுதல் செய்யாது என்பதும் ஒன்றல்ல.

இப்போது வயதுக்கு வருவோம். மூளையின் கட்டுமான வேலை இருபதுகளின் நடுப்பகுதி வரை நடக்கிறது. தேவையில்லாத இணைப்புகள் வெட்டப்படுகின்றன, தேவையானவை உறுதியாகின்றன. திட்டமிடுவது, ஆசையை அடக்குவது, விளைவை யோசிப்பது ஆகிய வேலைகளைச் செய்யும் முன்மூளை கடைசியாகத்தான் முழுமை பெறுகிறது. இந்த வேலையை வழிநடத்துவதில் மூளை சுரக்கும் ஆனந்தமைடுக்கும் அதன் பூட்டுகளுக்கும் பங்கு உண்டு. கட்டி முடித்த வீட்டுக்குள் வெள்ளம் வருவது வேறு. சிமென்ட் காயாத வீட்டுக்குள் வருவது வேறு.

‘கஞ்சாவால் பைத்தியம்’ - 130 ஆண்டு விவாதம்

அறிவுத்திறன் ஒரு பக்கம் இருக்கட்டும். மனநலம் பற்றி பெரியவர்கள் சொல்லும் பயம் நியாயமானதா?

இந்தக் கேள்வியை முதன்முதலில் பெரிய அளவில் ஆராய்ந்தது, இந்தியாவில்தான். கஞ்சாவால் இந்திய மனநோய் விடுதிகள் நிரம்பி வழிகின்றன என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேச்சு எழ, 1893-ல் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. சென்னை மாகாணம் உட்பட நாடு முழுவதும் 1,100-க்கும் அதிகமானவர்களிடம் சாட்சியம் கேட்டது. விடுதிப் பதிவேடுகளைப் புரட்டியபோது ஒரு விஷயம் வெளிச்சமானது. நோயாளியை அனுப்பும்போது ‘காரணம்’ என்று ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும். ஆள் கஞ்சா பிடிப்பவர் என்று யாராவது சொன்னால் போதும், அந்தக் கட்டத்தில் ‘கஞ்சா’ என்று எழுதிவிடுவார்கள். யாரும் விசாரித்ததில்லை. ஆணையம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது அவற்றில் பல நிற்கவில்லை. மிதமான பயன்பாடு மனதை பாதிப்பதில்லை, மிதமிஞ்சிய பயன்பாடு ஏற்கெனவே பலவீனமான மனதை பாதிக்கலாம் என்றது 1894-ல் வந்த அறிக்கை.

சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1987-ல், ஸ்வீடனிலிருந்து வந்தது அடுத்த பெரிய ஆய்வு. ராணுவத்தில் சேர 1969, 70-ல் அழைக்கப்பட்ட 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ராணுவத்தில் சேரும் முன்பே 50 முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தவர்களுக்கு, மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 6 மடங்கு அதிகமாக இருந்தது. பிற காரணங்களைக் கழித்த பிறகு அது குறைந்தது, ஆனால் மறையவில்லை.

டனீடினிலும் இதே கேள்வி கேட்கப்பட்டது. 15 வயதுக்குள் கஞ்சா பயன்படுத்தியவர்களில் பத்தில் ஒருவருக்கு, 26 வயதில் மனச்சிதைவு வகை நோயின் அறிகுறிகள் தெரிந்தன. மற்றவர்களில் அது 3%. ஆனால், 11 வயதிலேயே சிலரிடம் இருந்த லேசான அறிகுறிகளைக் கணக்கில் எடுத்ததும் இந்த வித்தியாசத்தின் ஒரு பகுதி கரைந்துவிட்டது. மனம் ஏற்கெனவே தடுமாறும் பிள்ளைகள் கஞ்சாவை நாடுகிறார்களா, கஞ்சா அவர்களைத் தடுமாற வைக்கிறதா? இரண்டும் நடக்கிறது என்பதுதான் இன்றைக்குப் பல ஆய்வாளர்களின் கணிப்பு.

வீரியம் பற்றிய எச்சரிக்கை 2019-ல் வந்தது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில், முதன்முறையாக சைக்கோசிஸ் வந்த 901 பேரையும் ஆரோக்கியமான 1,237 பேரையும் மார்தா டி ஃபோர்ட்டி குழு ஒப்பிட்டது. இல்லாத குரல்கள் கேட்பது, யாரோ தன்னைப் பின்தொடர்வதாக உறுதியாக நம்புவது போன்ற தீவிர நிலைதான் சைக்கோசிஸ். தினமும் கஞ்சா பயன்படுத்துபவர்களுக்கு அந்த ஆபத்து சுமார் 3 மடங்கு. டி.ஹெச்.சி 10 சதவிகிதத்துக்கு மேல் உள்ள வீரியமான ரகத்தைத் தினமும் பயன்படுத்தியவர்களுக்கு, கிட்டத்தட்ட 5 மடங்கு.

கஞ்சா பயன்படுத்துபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு சைக்கோசிஸ் வருவதில்லை. ஆனால், யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை எதுவும் இல்லை. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு நோய் இருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகள் கூடுதலாக எச்சரிக்கையாக இருப்பது அவசியம்.

‘அந்தக் காலத்துச் சாமியார்கள் பிடிக்கலையா?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் 1995-ல் சராசரியாக 4% டி.ஹெச்.சி இருந்தது. 2014-ல் அது சுமார் 12% ஆகிவிட்டது. பெயர் ஒன்றுதான், சரக்கு வேறு.

உடம்புக்கும் வாழ்க்கைக்கும் என்ன ஆனது?

இந்தப் பகுதியில் ஆச்சர்யங்கள் இருக்கின்றன. டனீடின்காரர்களின் உடல்நலத்தை 38 வயதில் அலசியபோது, 20 வருடம் வரை கஞ்சா பயன்படுத்தியவர்களிடம் தெளிவாகத் தெரிந்த ஒரே உடல் பாதிப்பு, ஈறு நோய். சிகரெட் பிடித்தவர்களிடமோ நுரையீரல் உட்படப் பல இடங்களில் பாதிப்பு தெரிந்தது. அதற்காக நுரையீரலுக்குக் கஞ்சா நல்லது என்று அர்த்தமில்லை. 2017-ல் அமெரிக்க தேசிய அகாடமிகள் 10,000-க்கும் அதிகமான ஆய்வுச் சுருக்கங்களை அலசி வெளியிட்ட அறிக்கை, நீண்டகாலம் கஞ்சா புகைப்பவர்களுக்கு நாள்பட்ட இருமல், சளி அதிகம் என்கிறது. கர்ப்பக் காலத்தில் புகைத்தால் குழந்தையின் எடை குறையும் என்றும் சொல்கிறது.

வாழ்க்கையில் விழுந்த அடி இன்னும் பெரியது. 2016-ல் வெளியான மற்றொரு டனீடின் ஆய்வின்படி, வருடக்கணக்கில் தொடர்ந்து கஞ்சா பயன்படுத்தியவர்கள் தங்கள் பெற்றோரைவிடக் குறைந்த வருமானமும் அந்தஸ்தும் உள்ள வேலைகளில் இருந்தார்கள். கடன், பணநெருக்கடி, வேலையிடத்தில் பிரச்னை, துணையுடன் சண்டை எல்லாம் அதிகம். சிறு வயது வறுமை, ஐ.க்யூ போன்றவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் இந்த வித்தியாசம் இருந்தது.

‘கஞ்சாவுக்கு யாரும் அடிமையாக மாட்டார்கள்’ என்பதும் சரியில்லை. அமெரிக்க ஆய்வுகளின்படி, ஒரு முறையாவது பயன்படுத்தியவர்களில் சுமார் 9% பேர் அதைச் சார்ந்தே வாழும் நிலைக்குப் போகிறார்கள். பதின்ம வயதில் தொடங்கியவர்களில் இது ஆறில் ஒருவர். திடீரென நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, பதற்றம் வரும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வரையறைக் கையேடு 2013-ல் இதைத் தனி நோய்நிலையாகவே சேர்த்தது. பெரும்பாலும் இரண்டு வாரங்களில் இது தணிந்துவிடும்.

மருந்தாகவும் இருக்கிறதே?

இருக்கிறது. கஞ்சாச் செடியில் இருக்கும் இன்னொரு பொருளான சி.பி.டி போதை தராது. குழந்தைகளுக்கு வரும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு, சுத்திகரித்த சி.பி.டி மருந்தை 2018 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ அங்கீகரித்தது. பெரியவர்களுக்கு நாள்பட்ட வலி, கீமோதெரபியால் வரும் வாந்தி ஆகியவற்றுக்கும் கஞ்சா சார்ந்த மருந்துகள் உதவுவதாக 2017 அறிக்கை ஏற்றுக்கொள்கிறது.

ஆனால், அளவு தெரிந்த, சுத்திகரித்த, டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்து அது. தெருமுனையில் பொட்டலத்தில் கிடைப்பதில் எவ்வளவு டி.ஹெச்.சி, வேறு என்ன கலப்படம் என்று விற்பவருக்கே தெரியாது.

அதுவரை வெளியான ஆய்வுகள் நியூசிலாந்து மக்களின் முன்னாலும் இருந்தன. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்று 2020-ல் நடந்த பொது வாக்கெடுப்பில் 50.7% பேர் வேண்டாம் என்றார்கள், 48.4% பேர் வேண்டும் என்றார்கள். ஒரே ஆய்வுகள், இரண்டு முடிவுகள். கடைகளில் விற்கலாமா என்பதில் பெரியவர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால், வாக்கெடுப்புக்கு வந்த அந்த மசோதாவே 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது என்றுதான் சொன்னது.

வீட்டில் என்ன செய்யலாம்?

இந்தியாவில் 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 2.8% பேர், அதாவது சுமார் 3.1 கோடிப் பேர், பாங்கு உட்பட ஏதோ ஒரு கஞ்சா பொருளை முந்தைய ஓராண்டில் பயன்படுத்தியிருந்தார்கள் என்று டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. எனவே, ‘நம்ம வீட்டுக்கு இது வராது’ என்று நினைத்து இந்தப் பேச்சைத் தள்ளிப்போட வேண்டாம்.

* மிகைப்படுத்தாதீர்கள். ‘ஒரு தடவை இழுத்தால் பைத்தியம்’ என்று சொன்னால், அதைப் பொய் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க ஒரு நாள் போதும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

* வயதைச் சொல்லிப் பேசுங்கள். ‘உன் மூளை இன்னும் கட்டி முடியவில்லை, 25 வயது வரைக்கும் அதுக்கு வேலை இருக்கு’ என்பது பயமுறுத்தல் அல்ல, விஞ்ஞானம்.

* படிப்பில் திடீர் சரிவு, பழைய நண்பர்களை விட்டு விலகுவது, தூக்க நேரம் தலைகீழாவது, காரணமில்லாத சந்தேகம் போன்ற மாற்றங்களைக் கவனியுங்கள். மனச்சோர்வு, தேர்வு பயம் ஆகியவற்றாலும் இவை வரலாம். அதனால் குற்றம் சாட்டுவதற்கு முன் காது கொடுத்துக் கேளுங்கள்.

* இல்லாத குரல் கேட்பதாகவோ, யாரோ கெடுதல் செய்யத் திட்டமிடுவதாகவோ சொன்னால் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

* போலீஸுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். இந்தியாவில் கஞ்சா வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம்தான். ஆனால், சிறிய அளவு தொடர்பான வழக்குகளில், தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெறுபவர்களுக்கு வழக்கிலிருந்து விலக்குப் பெற, 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி செய்கிறது.

* மத்திய அரசின் போதை மீட்பு இலவச உதவி எண்: 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ்: 14416.

ஆராய்ச்சியும் முடிந்துவிடவில்லை. அமெரிக்காவில் 21 மையங்களில் 9, 10 வயதுக் குழந்தைகள் ஏறத்தாழ 11,900 பேரை, கஞ்சாவோ மதுவோ சிகரெட்டோ தொடும் முன்பே எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுத்து, அதே ஆட்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். டனீடினில் 40 பேரை வைத்துக் கேட்ட கேள்வியை, அங்கே இன்னும் பெரிய கூட்டத்திடம் கேட்கலாம். அந்தக் குழந்தைகள் இப்போது பதின்ம வயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள்.

நம் வீட்டில் இருக்கும் பதினாறு வயதுக்கு அந்த முடிவுகள் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. இன்றைக்கே தெரிந்திருக்கும் உண்மையை, இன்று இரவு சாப்பாட்டு நேரத்திலேயே பேசத் தொடங்கலாம்.